ஊமைக்காயம் பேசும்

விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகத்தை நீங்கள் ஒருமுறையேனும் பார்த்திருப்பீர்கள். கோவளத்துக் கலங்கரை விளக்கத்தைக் கடந்து தெற்கே சிறிது தொலைவு சென்றால் போதும். ஒருபுறம் பள்ளிவாசல், மறுபுறம் மாதா கோவில், இரண்டுக்கும் நடுவே வளைந்து கிடக்கும் குடா, அதில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் நீலமும் பச்சையும் மஞ்சளுமான படகுகள். தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் அக்கம்பக்கத்துக் கரைகளில் அலை உயர்ந்து, படகை இறக்க முடியாமற் போகும். அப்போது அந்த ஊர்ப் படகுகளும் இக்குடாவை நாடி வந்துவிடும். இடம் சிறிது, படகுகளோ பல. ஒன்றோடொன்று உரசும். சில வேளைகளில் அலை தூக்கி எறிய, கரைக்கல்லில் மோதும்.

அப்படி ஒரு படகு மோதியது என்று வைத்துக்கொள்வோம். படகுக்காரர் மோதிய இடத்தைக் கையால் தடவிப் பார்க்கிறார். விரிசல் இல்லை. வண்ணப்பூச்சுக்கூட உரியவில்லை. மறுநாள் விடியுமுன் அதே படகில் நான்கு பேர் கரை கண்ணுக்கு மறையும் தொலைவுக்குச் செல்ல வேண்டும். செல்லலாமா, கூடாதா? இந்தப் பாடம் அந்த ஒரு கேள்வியைப் பற்றியது.

நம் மொழியில் 'ஊமைக்காயம்' என்று ஒரு சொல் உண்டு. தோல் கிழியாமல், குருதி வெளியே வராமல், உள்ளே மட்டும் பட்ட அடியை அவ்வாறு சொல்வர். விளையாட்டுத் திடலில் விழுந்து எழுந்தவனைக் கேட்டால் "ஒன்றுமில்லை" என்பான். இரவில்தான் வலி தெரியும். மனிதனுக்கு வலி தெரியும், படகுக்கு? அதன் ஊமைக்காயத்தை எப்படி அறிவது?

பழைய கட்டுமரத்துக்கு இந்தத் தொல்லை மிகுதியாக இருந்ததில்லை. எடை குறைந்த மரக்கட்டைகளைச் சேர்த்துக் கயிற்றால் கட்டினால் அது கட்டுமரம். கட்டையில் அடிபட்டால் பிளவு கண்ணுக்குத் தெரியும். அந்த ஒரு கட்டையை மாற்றிவிடலாம். (இந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் புகுந்து, அங்கே இரட்டை உடல் கொண்ட கப்பலைக் குறிக்கும் சொல்லாக மாறிவிட்டது. சொற்களும் கடல் கடந்தால் சில வேளை உருமாறுகின்றன.) 1980களில் கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்தில், பியர் ஜில்லே என்னும் பொறியாளர் மீனவர்களோடு சேர்ந்து ஒட்டுப்பலகைப் படகுகளை உருவாக்கினார். கட்டுமரத்துக்கு மாற்றாக அப்படகுகள் இக்கடற்கரையில் பரவின. ஒட்டுப்பலகையைத் தொடர்ந்து கண்ணாடி நாரும் வந்தது. இன்று விழிஞ்ஞத்தில் நிற்கும் படகுகளுள் பலவற்றைக் கரையில் உள்ளோர் 'ஃபைபர்' என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுகிறார்கள்.

அந்த 'ஃபைபர்' உண்மையில் ஒரு பொருளன்று. இரண்டு பொருள்களின் சேர்க்கை. கண்ணாடியை மிக மெல்லிய இழைகளாக இழுத்து, பாய்போலவும் துணிபோலவும் ஆக்கி, அச்சின்மேல் விரித்து, அதன்மீது பிசினை ஊற்றி உருளையால் அழுத்துவார்கள். ஓர் அடுக்கு, அதன்மேல் இன்னோர் அடுக்கு, அதன்மேல் இன்னொன்று. பிசின் இறுகியதும் அச்சிலிருந்து படகின் உடல் வெளியே வரும். இழுவிசையை நார் தாங்கும். நார்களை இடம் பெயராமல் பிடித்துவைப்பது பிசின். இத்தகைய பொருளைக் கூட்டுப்பொருள் என்பர். சமையலறைக் கூட்டை நினைத்துக்கொண்டாலும் தவறில்லை. அதில் பருப்பு பருப்பாகவும் காய் காயாகவும் இருந்துகொண்டே இரண்டும் சேர்ந்து ஒரு சுவை தருகின்றன. வேதியியலில் நீங்கள் படிக்கும் சேர்மம் அப்படியன்று. அங்கே சேர்ந்தவை தம் இயல்பை இழந்துவிடும். வைக்கோல் கலந்து குழைத்த மண்ணால் நம் முன்னோர் எழுப்பிய சுவரும் கூட்டுப்பொருளே. மண் மட்டும் இருந்தால் காய்ந்ததும் வெடிக்கும். வைக்கோல் அதை இழுத்துப் பிடிக்கும்.

கண்ணாடி நாருக்கு மாற்றாகக் கார்பன் இழையை வைத்தால் இன்னும் எடை குறைந்த, இன்னும் விறைப்பான பொருள் கிடைக்கும். இந்திய விமானப்படையின் தேஜஸ் போர் விமானத்தின் எடையில் ஏறத்தாழ 45 விழுக்காடு கூட்டுப்பொருள். போயிங் 787 பயணியர் விமானத்தில் அது பாதி. கோடை விடுமுறையில் விமானத்தில் ஊருக்குப் போவோர் இனிச் சன்னல் வழியே இறக்கையைப் பார்க்கும்போது, அதுவும் விழிஞ்ஞத்துப் படகின் உறவுதான் என்று எண்ணிக்கொள்ளலாம்.

ஆனால் இந்த உறவு முழுவதற்கும் பொதுவான ஒரு குறை உண்டு. அதை அறிய ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தை இரு கைகளாலும் பிடித்து வளையுங்கள். தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்குவதைப் புத்தகத்தின் ஓரத்தில் காணலாம். இப்போது அந்தத் தாள்கள் அனைத்தும் பசையால் ஒட்டப்பட்டிருப்பதாகக் கொள்ளுங்கள். வளைக்கும்போது அவை சறுக்க முடியாது. சறுக்க விரும்பும் விசை முழுவதையும் பசை தாங்க வேண்டும். அடி பலமாக விழுந்தால் பசை தோற்கும். மேல்தாள் கிழியாது, அடித்தாளும் கிழியாது, நடுவே எங்கோ இரண்டு தாள்கள் பிரிந்துவிடும். கூட்டுப்பொருளிலும் நிகழ்வது இதுவே. இதனை அடுக்குப் பிரிதல் என்பர்.

இரும்புத் தகட்டில் சுத்தியல் விழுந்தால் பள்ளம் விழும், பள்ளமே அடையாளம். கூட்டுப்பொருளோ வளைந்து கொடுத்து, மீண்டும் பழைய வடிவுக்கு வந்துவிடும். மேற்பரப்பில் ஒரு புள்ளிதான் தெரியும். சில வேளை அதுவும் தெரியாது. உள்ளே போகப் போகக் காயம் அகலும். கோவில் கோபுரத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: உச்சி குறுகியது, அடி விரிந்தது. அடி விழுந்த பக்கம் உச்சி. அதற்கு எதிர்ப்பக்கம் அடித்தளம். ஆகவே மோதிய இடத்தை வெளியிலிருந்து மட்டும் தடவிப் பார்ப்பவர் கோபுரத்தின் கலசத்தை மட்டும் பார்த்தவர் ஆகிறார்.

பிரிந்த அடுக்குகளால் என்ன கேடு? ஒற்றைத் தாளை நிறுத்தி மேலிருந்து அழுத்தினால் உடனே மடங்கும். ஒட்டிய நூறு தாள்கள் மடங்குவதில்லை. பிரிந்த அடுக்கு ஒற்றைத் தாளாகிவிட்டது. அலை ஒவ்வொரு முறை படகைத் தூக்கிப் போடும்போதும் அந்த இடம் சிறிது மடங்கும், சிறிது விரியும். பிளவு ஓர் அங்குலம் நீளும். நீர் உள்ளே புகும். ஒரு நாள், கரையிலிருந்து நெடுந்தொலைவில், இதுவரை ஊமையாக இருந்த காயம் ஓட்டையாகத் திறக்கும்.

இந்தக் காயத்தைக் கண்ணால் காண முடியாது என்றால் எதனால் காண்பது? காதால். சந்தையில் மண்பானை வாங்கும் எந்தப் பாட்டியும் இதை அறிவார். பானையை இடக்கையில் தூக்கிப் பிடித்து, வலக்கை விரல்முட்டியால் தட்டுவார். 'ணங்' என்று ஒலித்தால் நல்ல பானை. 'தப்' என்று ஒலித்தால், கடைக்காரர் எவ்வளவு சத்தியம் செய்தாலும், பாட்டி அதைக் கீழே வைத்துவிடுவார். நாரிழைப் படகைப் பழுதுபார்ப்போர் கையாளும் முறையும் இதுவே. ஒரு நாணயத்தாலோ சிறு சுத்தியலாலோ படகின் உடலைச் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போவார்கள். நல்ல இடத்தில் ஒலி கூர்மையாக இருக்கும். அடுக்குப் பிரிந்த இடத்தில் மழுங்கும். காரணம் இதுதான்: பிரிந்த இடம் விறைப்பை இழந்து மெத்தென்று ஆகிவிடுகிறது, நாணயம் அதன்மேல் சற்றுக் கூடுதலான நேரம் தங்கி விலகுகிறது, அந்த நேரம் கூடினால் உயர்ந்த ஒலிகள் பிறப்பதில்லை. ஒலி மழுங்கும் எல்லையைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டால் காயத்தின் பரப்பு கிடைத்துவிடும். எளிய முறை என்று இதை எள்ள வேண்டா. விமானம் பழுதுபார்க்கும் கூடங்களில் இன்றும் இதே நாணயச் சோதனை நடைபெறுகிறது.

ஆயினும் இதற்கு எல்லைகள் உண்டு. தடித்த பொருளின் ஆழத்தில் உள்ள பிளவு தட்டலுக்கு அகப்படாது. தட்டும் இடம் அமைதியாக இருக்க வேண்டும். தட்டுபவரின் காது பழகியிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, படகு கரையில் இருக்க வேண்டும். கடலில் போய்க்கொண்டிருக்கும்போது, வானில் பறந்துகொண்டிருக்கும்போது, யார் தட்டிப் பார்ப்பது?

இங்கிருந்து கடற்கரையோடு வடக்கே 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல் சென்றால் தும்பா வரும். உங்களில் சிலருடைய தாயோ தந்தையோ நாள்தோறும் அங்கே பணிக்குச் செல்பவராகவும் இருக்கலாம். 1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் இந்திய மண்ணிலிருந்து முதல் ஆய்வு ஏவூர்தி எழுந்தது அந்த மீனவச் சிற்றூரிலிருந்துதான். அங்கே தொடக்கக் காலத்தில் பணியாற்றிய இளைஞர்களுள் ஒருவர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம். அவர் படகைப் பார்த்து வளர்ந்தவர். இராமேசுவரத்தில் தந்தையார் ஜைனுலாப்தீன் மரப்படகு ஒன்றைக் கட்டியபோது அது உருப்பெறுவதைச் சிறுவனாக நின்று பார்த்ததையும், பின்னர் புயல் ஒன்று அந்தப் படகைக் கொண்டுபோனதையும் தம் வாழ்க்கை வரலாற்றில் அவர் எழுதியுள்ளார். அந்தச் சிறுவன் வளர்ந்து தும்பாவில் எடுத்துக்கொண்ட வேலைகளுள் ஒன்று, மரத்துக்கும் இரும்புக்கும் மாற்றாக நாரும் பிசினும் சேர்ந்த பொருளால் ஏவூர்தியின் உறுப்புகளைச் செய்வது. அவர் தலைமையில் உருவாகி 1980ஆம் ஆண்டு சூலை 18ஆம் நாள் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்த எஸ்.எல்.வி.-3 ஏவூர்தியில் அத்தகைய பொருள் இடம்பெற்றது. இன்று பி.எஸ்.எல்.வி. ஏவூர்தியின் மூன்றாம் கட்டத்து மோட்டார் உறை கெவ்லார் என்னும் நாரைச் சுற்றிச் சுற்றி உருவாக்கப்படுகிறது. விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்துக்கு வட்டியூர்க்காவில் கூட்டுப்பொருளுக்கென்றே தனி வளாகம் உண்டு.

மோட்டார் உறை என்பது எரிபொருள் எரியும் கலம். எரியும்போது உள்ளே பேரழுத்தம் எழும். உறையில் ஓர் ஊமைக்காயம் இருந்தால் ஏவூர்தி முழுவதும் சில நொடிகளில் இல்லாமற் போகும். அதனால் எரிபொருளை நிரப்புமுன் உறைக்குள் நீரை ஏற்றி அழுத்திச் சோதிப்பார்கள். (காற்றை ஏற்றினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அழுத்திய காற்று சுருட்டி வைத்த வில்லைப் போன்றது. கலம் உடைந்தால் வெடிகுண்டாகும். நீர் அவ்வளவு சுருங்குவதில்லை.) அவ்வாறு அழுத்தும்போது உறையின்மேல் சிறு சிறு உணரிகளை ஒட்டிவைத்து, உறை எழுப்பும் ஒலியைக் கேட்பார்கள். இங்கே யாரும் எதையும் தட்டுவதில்லை. பொருள் தானாகவே பேசுகிறது.

மாமரத்தில் ஏறிப் பழக்கமுள்ளவர்களுக்கு இது புதிதன்று. கிளை முறிவதற்குச் சற்று முன்பு 'நறநற' என்று ஓர் ஒலி கேட்கும். அந்த ஒலியை மதித்தவன் இறங்கிவிடுவான், மதியாதவன் விழுவான். மரத்தின் நார்கள் ஒவ்வொன்றாக அறும்போது எழும் ஒலி அது. கூட்டுப்பொருளிலும் பிசின் விரிந்தால் ஒரு துடிப்பு, அடுக்குப் பிரிந்தால் ஒரு துடிப்பு, நார் அறுந்தால் அதைவிட வலிய துடிப்பு என்று ஒலி பிறக்கிறது. இதனை ஒலி உமிழ்வு என்பர். ஆனால் இவ்வொலியின் பெரும்பகுதி நம் காதுக்கு எட்டாது. மனிதக் காது நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரைதான் கேட்கும். இங்கே பயன்படும் உணரிகளோ பெரும்பாலும் 1,00,000 முதல் 3,00,000 அதிர்வுகள் வரையிலான ஒலியைக் கேட்பவை.

உணரியின் உள்ளே இருப்பது ஒரு சிறு பீங்கான் வில்லை. அழுத்தினால் மின்சாரம் தரும் இயல்பு அதற்கு உண்டு. குவார்ட்சு போன்ற சில படிகங்களில் இவ்வியல்பை 1880ஆம் ஆண்டு ழாக் கியூரி, பியேர் கியூரி என்னும் உடன்பிறந்தார் கண்டறிந்தனர். உங்கள் வீட்டு அடுப்பைப் பற்றவைக்கும் கைக்கருவியில் பொத்தானை அழுத்தினால் பொறி தெறிக்கிறதே, பல கருவிகளில் அந்தப் பொறியைத் தருவது இதே இயல்புதான். அங்கே விரல் அழுத்துகிறது. இங்கே பொருளின் வழியே ஓடிவரும் ஒலியலை அழுத்துகிறது. விரலின் அழுத்தத்துக்குப் பொறி. அலையின் அழுத்தத்துக்கு மிகச்சிறிய மின்துடிப்பு. அதைப் பெருக்கிக் கணினிக்கு அனுப்பினால் துடிப்பு எப்போது வந்தது, எவ்வளவு வலிமையோடு வந்தது என்பவை பதிவாகும்.

உணரி சரியாகக் கேட்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதற்குப் பொறியாளர்கள் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. 0.5 மில்லிமீட்டர் பென்சில் முனையைப் பொருளின்மேல் சாய்வாக ஊன்றி ஒடிப்பார்கள். அந்தச் சிறிய 'டிக்' ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே அளவான துடிப்பை உண்டாக்கும். கோடிக்கணக்கில் மதிப்புள்ள கருவிகளைச் சரிபார்ப்பது உங்கள் பேனாப்பெட்டியில் கிடக்கும் பென்சில் முனை.

ஓர் உணரி 'ஏதோ உடைந்தது' என்று மட்டும் சொல்லும். இரண்டு உணரிகள் இருந்தால் 'எங்கே' என்றும் சொல்லிவிடும். படகின் நீளவாட்டில் 1 மீட்டர் இடைவெளியில் இரண்டு உணரிகளை ஒட்டியிருக்கிறோம். அவற்றுக்கு நடுவே எங்கோ நார் அறுந்தது. அந்தப் பொருளில் ஒலி நொடிக்கு 2,000 மீட்டர் செல்வதாகக் கொள்வோம். முதல் உணரிக்கு ஒலி எட்டி 0.0002 நொடி கழித்து இரண்டாம் உணரிக்கு எட்டியது. அந்த நேரத்தில் ஒலி கடக்கும் தொலைவு 2,000 × 0.0002 = 0.4 மீட்டர். ஆகவே இரண்டாம் உணரி காயத்திலிருந்து 40 சென்டிமீட்டர் கூடுதல் தொலைவில் உள்ளது. மொத்தம் 100, வேறுபாடு 40. எனவே காயம் முதல் உணரியிலிருந்து 30 சென்டிமீட்டரிலும் இரண்டாவதிலிருந்து 70 சென்டிமீட்டரிலும் இருக்கிறது. தகடு போன்ற அகன்ற பரப்பில் இடத்தைக் கண்டறிய மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட உணரிகள் வேண்டும். உண்மைக் கணக்கு இதைவிடக் கடினம். கூட்டுப்பொருளில் நாரின் திசையில் ஒலி விரைவாகவும் குறுக்கே மெதுவாகவும் செல்லும்.

ஜெர்மனியின் மியூனிக் நகரில் யோசப் கைசர் என்பவர் 1950ஆம் ஆண்டு தம் ஆய்வில் ஒரு செய்தியை வெளியிட்டார். ஒரு பொருளை ஓர் அளவு வரை இழுத்து விட்டுவிட்டு மீண்டும் இழுத்தால், பழைய அளவைத் தாண்டும் வரை அது ஒலி எழுப்புவதில்லை. முன்பு தாங்கிய சுமையை அது நினைவில் வைத்திருப்பதுபோல் அமைதியாக இருக்கிறது. கூட்டுப்பொருளில் இந்த அமைதி சில வேளை கலைகிறது. நல்ல நிலையில் உள்ள கலம் பழைய அழுத்தம் வரை பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. அடிபட்ட கலமோ அந்த அளவுக்கு வெகுமுன்பே முனகத் தொடங்குகிறது. எவ்வளவு முன்பாக முனகுகிறதோ அவ்வளவு ஆழமான காயம். கண்ணுக்குப் புலப்படாத ஊமைக்காயம் இவ்வாறு பேசிவிடுகிறது.

இவ்வாறு கேட்பதற்கு ஆளும் கருவியும் இல்லாமற்போனால் என்ன ஆகும் என்பதை உலகம் 2003ஆம் ஆண்டு கண்டது. அந்த ஆண்டு சனவரி 16ஆம் நாள் கொலம்பியா விண்கலம் புறப்பட்டது. அதிலிருந்த எழுவருள் ஒருவர், அரியானா மாநிலத்துக் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா. புறப்பட்ட 82ஆம் நொடியில், வெளித்தொட்டியின் மேல் ஒட்டியிருந்த வெப்பக்காப்பு நுரையில் ஒரு துண்டு பெயர்ந்து, இடது இறக்கையின் முன்விளிம்பில் மோதியது. அந்த விளிம்பு கார்பன் இழையும் கார்பனும் சேர்ந்த கூட்டுப்பொருளால் ஆனது. விண்கலம் திரும்பும்போது எழும் கடுவெப்பத்தைத் தாங்கவேண்டியது. நுரைத்துண்டின் எடை முக்கால் கிலோ. மோதிய வேகம் மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல்.

மறுநாளே படச்சுருளில் மோதலைக் கண்டனர். நுரைதானே, என்ன செய்துவிடும் என்று சிலர் கருதினர். ஐயுற்ற பொறியாளர்கள் விண்வெளியிலுள்ள கலத்தைப் படம் எடுத்துப் பார்க்கவேண்டும் என்று கேட்டனர், அது நடைபெறவில்லை. விண்கலத்தில் இருந்தோர் தம் வேலைகளைச் செய்துகொண்டிருந்தனர். இறக்கைக்கு என்ன நேர்ந்தது என்று சொல்ல அங்கே நம்பத்தக்க வாய் எதுவும் இல்லை. பிப்ரவரி 1ஆம் நாள் கலம் வளிமண்டலத்துக்குள் திரும்பியபோது, அந்தக் காயத்தின் வழியே வெப்பக் காற்று இறக்கைக்குள் புகுந்தது. எழுவரும் உயிரிழந்தனர். அதே ஆண்டு சூலை 7ஆம் நாள், அதே வகை நுரைத்துண்டை அதே வேகத்தில் ஒரு விளிம்புப் பலகைமேல் எய்து பார்த்தார்கள். 40 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஓட்டை விழுந்தது. பார்த்துக்கொண்டிருந்தோர் திகைத்தனர் என்பர். நுரை மெத்தென்றது என்பது கையில் பிடிக்கும்போதுதான் உண்மை.

2005ஆம் ஆண்டு சூலை 26ஆம் நாள் டிஸ்கவரி விண்கலம் புறப்பட்டபோது, அதன் ஒவ்வோர் இறக்கையின் முன்விளிம்புக்குப் பின்னாலும் 66 அதிர்வு உணரிகள் பொருத்தப்பட்டிருந்தன. மேலெழும்போது ஏதேனும் மோதினால் அந்த அதிர்வு பதிவாகும். எந்தப் பலகைக்கு அருகில் என்பதும் தெரியும். பின்னர் விண்வெளியில் ஒரு நீண்ட கைக்கோலின் முனையிலுள்ள ஒளிப்படக்கருவியால் அந்த இடத்தை உற்றுப் பார்க்கலாம். இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். தும்பாவில் கேட்பது பொருள் உடையும் ஒலி. டிஸ்கவரியில் கேட்டது அடி விழுந்த அதிர்வு. அடி விழுந்தது என்ற செய்தியால் காயம் எவ்வளவு என்பது தெரிந்துவிடாது. ஆனால் எங்கே பார்க்கவேண்டும் என்பது தெரியும். கொலம்பியாவில் இல்லாமற்போனது அதுதான்.

அப்படியானால் விழிஞ்ஞத்துப் படகுகள் எல்லாவற்றிலும் உணரிகளை ஒட்டிவிடலாமே? எண்ணுவது எளிது. கடலில் படகு ஒருபோதும் அமைதியாக இருப்பதில்லை. பொறியின் இரைச்சல், அலையின் அறை, வலைக்குண்டுகள் உருளும் ஓசை, மழை என்று எல்லாமே உணரியின் காதில் விழும். அவற்றிடையே நார் அறும் ஒலியைப் பிரித்தறிவது, சாலைத் தெருச் சந்தை இரைச்சலில் ஒருவர் பெருமூச்சைக் கேட்பது போன்றது. உயர்ந்த அதிர்வெண் ஒலி கண்ணாடி நாரில் நெடுந்தூரம் செல்வதும் இல்லை, விரைவில் தேய்ந்துவிடும். அதனால் உணரிகளை நெருக்கமாக ஒட்டவேண்டும், செலவு ஏறும், உப்புநீரில் கம்பிகள் துருப்பிடிக்கும். பொய்யாக நாலுமுறை எச்சரித்த கருவியை ஐந்தாம் முறை யாரும் நம்பமாட்டார்கள். அது கருவியே இல்லாததைவிடக் கேடு. ஏவூர்தியின் உறை ஒன்றைச் சோதனைக்கூடத்தில் வைத்துக் கேட்பது வேறு. நூற்றுக்கணக்கான படகுகளை நடுக்கடலில் கேட்பது வேறு.

ஆகவே பாடத்தின் தொடக்கத்தில் கரைக்கல்லில் மோதிய படகுக்கு இன்று கிடைக்கும் மருத்துவர் நாணயம்தான். படகை மணலில் ஏற்ற வேண்டும். மோதிய இடத்தை வெளியே மட்டும் அன்றி உள்ளேயும், கோபுரத்தின் அடித்தளம் இருக்கும் பக்கத்திலும், தட்டிக் கேட்கவேண்டும். அதற்கு அரைநாள் ஆகும். அரைநாள் மீன்பிடிப்பு போகும். ஒலி மழுங்கினால் அந்த வட்டத்தைச் செதுக்கி எடுத்து, புதிய அடுக்குகளை இட்டுப் பிசின் இறுகும்வரை காத்திருக்க வேண்டும். இன்னும் சில நாள் போகும். மழைக்காலத்தில் பிசின் இறுகுவதற்கு நேரமும் கூடும். விடியுமுன் புறப்பட வேண்டிய நால்வர் அந்த நாள்களின் கூலியை இழப்பார்கள்.

பயிற்சி

1. ஒட்டுப்பலகையில் 1.5 மீட்டர் இடைவெளியில் இரண்டு உணரிகள் உள்ளன. அப்பொருளில் ஒலி நொடிக்கு 2,500 மீட்டர் செல்கிறது. முதல் உணரிக்கும் இரண்டாம் உணரிக்கும் ஒலி எட்டிய நேர வேறுபாடு 0.0002 நொடி. பிளவு முதல் உணரியிலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளது?

2. வீட்டிலுள்ள கீறல் விட்ட கிண்ணம் ஒன்றையும் கீறல் இல்லாத கிண்ணம் ஒன்றையும் கண்ணை மூடிக்கொண்டு கரண்டியால் மெல்லத் தட்டிக் கேளுங்கள். இரண்டு ஒலிகளையும் எழுத்தில் காட்ட முயலுங்கள். ('ணங்', 'தப்' என்பவை போன்ற ஒலிக்குறிப்புச் சொற்கள் உங்கள் ஊர் வழக்கில் வேறு இருந்தால், பெரியோரைக் கேட்டு அவற்றையும் எழுதுக.)

3. ஊமைக்காயம், அடுக்குப் பிரிதல், உணரி, ஒலி உமிழ்வு – இவற்றின் பொருளை உங்கள் சொற்களில் எழுதி, ஒவ்வொன்றையும் தொடரில் அமைக்க.

4. பாடத்தின் இறுதியில் வரும் படகுக்காரர் உங்களிடம் வந்து, "வெளியே ஒன்றும் தெரியவில்லையே தம்பி, நாளைக்குப் போய்விட்டு வந்து பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். அவருக்கும் உங்களுக்கும் இடையே நிகழும் உரையாடலை இருபது வரிகளுக்குள் எழுதுக. அவர் பக்கத்து நியாயத்தையும் விட்டுவிட வேண்டா.